பொய் வாக்கியம் செல்லாது

போன வாரம் காணாமல் போன கைக்கடிகாரம் கிடைத்துவிட்டது. அதைச் சாக்கிட்டு நடந்த சண்டைதான் இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை.

கடிகாரம் கேப்டனுடையது. அதைத் தன் தங்கைதான் எடுத்து ஒளித்துவைத்தாள் என்று அவர் சொன்னதும், அவள் அழுததும், கடைசியில் அது சலவைத்தூள் டப்பாவுக்குள்ளிருந்து வெளியே வந்ததும் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. டப்பாவுக்குள் அது எப்படிப் போனது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம்.

கேப்டன் என்றதும் கப்பல், விமானம் என்று போய்விடாதீர்கள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறார். பஸ்ஸில் வரும் வாண்டுகள் வைத்த பெயர் அது, அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். நல்ல மூடில் இருந்தால் கேப்டனும் அப்படியே கூப்பிடுவார். "கட்டின பொண்டாட்டியை சிஸ்டர்னு கூப்பிடற ஒரே மனுஷன் நீங்கதான்" என்று அவளும் அலுத்துக்கொள்வாள். தங்கைக்கு வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலை. நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு பேசுவதால் ஹெட்செட். இவர்களுக்கு நடுவில் ஒரு பெண் குழந்தை, குட்டி. மூன்றாம் வகுப்பு, அப்பாவின் பஸ்ஸில்தான் போய் வருகிறாள்.

அந்த வீட்டில் தினமும் காலையில் ஆங்கில வகுப்பு உண்டு. மாணவி சிஸ்டர், ஆசிரியை ஹெட்செட். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு வாய்மொழித் தேர்வு எழுத வேண்டும். எழுத என்ன எழுத, பேச வேண்டும். போன தடவை சிஸ்டர் அதில் கோட்டை விட்டிருந்தாள். "உங்களுக்குத் தெரிந்த ஒரு நோயாளியை விவரியுங்கள்" என்று கேட்டதற்கு, கைடு புத்தகத்தில் இருந்த சந்தோஷமான கிழவரைப் பற்றி ஒப்பித்தாள். "அவர் ஏன் சந்தோஷமாக இருக்கிறார்?" என்று அடுத்த கேள்வி வந்தது. புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

அன்றைக்குத்தான் ஹெட்செட் சட்டம் போட்டாள். ஒரு வார்த்தை, அதற்கு அர்த்தம், அதை வைத்து ஒரு வாக்கியம். வாக்கியம் இந்த வீட்டு ஆட்களைப் பற்றித்தான் இருக்க வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும். பொய் வாக்கியம் செல்லாது.

"எங்க ஆபீஸ்ல புதுசா வர்றவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன் அண்ணி. மனப்பாடம் முதல் கேள்விக்குத் தாங்கும். ரெண்டாவது கேள்வியில கவுத்துடும்."

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மறுபடியும் தேர்வு. அன்று புதன்.

"முதல் வார்த்தை, வித்ட்ரான்" என்றாள் ஹெட்செட், ரொட்டியைக் கடித்துக்கொண்டே. "அர்த்தம், ஒதுங்கிப்போன. முன்ன மாதிரி யார்கிட்டயும் கலந்து பேசாம தனக்குள்ளயே சுருங்கிட்ட ஆள். சொல்லுங்க."

சிஸ்டர் கொஞ்சம் யோசித்தாள். "மை ஹஸ்பண்ட் இஸ் வித்ட்ரான். ஹி டஸ் நாட் கோ டு த டீ ஷாப் நவ்."

"அந்த 'நவ்' போட்டீங்க பாருங்க, அங்கதான் நிக்கறீங்க! முன்ன போவார், இப்ப போறதில்லன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டீங்க."

கேப்டன் சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "உங்க ரெண்டு பேருக்கும் என்னை வெச்சுத்தான் இங்கிலீஷ் வரணுமா? தெருவுல வேற ஆளே இல்லையா?"

"தெருவுல இருக்கறவங்களைப் பத்திப் பேசினா அது வம்பு அண்ணா. உன்னைப் பத்திப் பேசினா கிராமர்."

அவர் சிரித்தார். கடிகாரச் சண்டைக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது. சிஸ்டர் எழுந்து போய், ஒன்றுவிட்டு ஒன்று தப்பாகப் போட்டிருந்த அவருடைய சட்டைப் பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். கொஞ்ச நாளாக அவள் கை அதைத் தானாகவே செய்துகொண்டிருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

"அடுத்தது சஸ்பிஷியஸ். சந்தேகப்படற" என்ற ஹெட்செட் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வேணாம், அதை நாளைக்கு வெச்சுக்கலாம்."

"ஏன், சொல்லட்டுமே" என்றார் கேப்டன். முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. "வாட்ச் கதையைச் சொல்லுங்க. நல்லாப் படிங்க." குட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"அதுக்கும் ஒரு வார்த்தை இருக்கு" என்று முணுமுணுத்தாள் ஹெட்செட். "இர்ரிட்டபிள். தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழற."

சிஸ்டர் அதற்கும் வாக்கியம் சொன்னாள். நல்ல மாணவி.

ஆஸ்பத்திரியில் வேலை மாறும் நேரத்தில் ஒரு வழக்கம் உண்டு. போகிற நர்ஸ், வருகிற நர்ஸுக்கு ஒவ்வொரு படுக்கையாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். இவர் எப்படி இருக்கிறார், நேற்றைக்கு இன்று என்ன மாற்றம், எதைக் கவனிக்க வேண்டும். ஐயோ பாவம், நல்ல மனுஷன் என்பதற்கெல்லாம் அதில் இடம் இல்லை. சிஸ்டர் அதில் கெட்டிக்காரி. தமிழில் என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அன்று ரவுண்ட்ஸ் முடிந்து கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. டியூட்டியில் இருந்த சின்ன டாக்டரம்மா டீயோடு வந்து உட்கார்ந்தாள். சிஸ்டருக்குத் தேர்வாளராக நடித்துக் காட்டுவதாக ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்.

"சரி, ஆரம்பிக்கலாம். உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரை விவரிங்க. இங்கிலீஷ்லயே."

சிஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். யாரைச் சொல்வது என்று யோசிக்கக்கூட இல்லை. இத்தனை வாரமாகச் சொல்லிப் பழகிய வாக்கியங்கள் வரிசையாக நாக்கில் நின்றன. தடங்கல் இல்லாமல் ஆங்கிலத்தில் வந்தது. அதைத் தமிழில் போட்டால் இவ்வளவுதான்:

ஐம்பத்திரண்டு வயது ஆண். மறதி உள்ளவர், சொன்னதையே திரும்பச் சொல்கிறார். எளிதில் எரிச்சல் அடைகிறார், முன்பு பொறுமைசாலி. சந்தேகப்படுகிறார், பொருட்களை இடம் மாற்றி வைத்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் திருடியதாகச் சொல்கிறார். ஒதுங்கிப்போய்விட்டார், நண்பர்களைப் பார்ப்பதில்லை. உடையில் கவனம் இல்லை. பொத்தான்களைத் தவறாகப் போடுகிறார்.

டாக்டரம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "எந்த பெட் சிஸ்டர்? காலையில ரவுண்ட்ஸ்ல இவரை நான் பார்க்கலையே?"

சிஸ்டர் பெட் நம்பரைத் தேடினாள். வீடுதான் நினைவுக்கு வந்தது.

இத்தனை வருஷம் வார்டில் நின்றவள். வேறு யாராவது இந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால், உட்காரச் சொல்வதற்குள் கண்டுபிடித்திருப்பாள். வீட்டில் தமிழில் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சமாதானம் ஒட்டிக்கொண்டிருந்தது. வேலை அலுப்பு. அவர் சுபாவமே அப்படி. வயசாகுதில்ல. ஆங்கிலத்தில் அந்தச் சமாதானங்களைச் சொல்லத் தெரியாததால், வெறும் உண்மையை மட்டும் வரிசையாக அடுக்கியிருக்கிறாள். ஒவ்வொரு வார்த்தையாக, நாளுக்கொன்றாக, நாத்தனாரிடம் சபாஷ் வாங்கிக்கொண்டு.

"சிஸ்டர்?"

"பெட் இல்ல டாக்டர். தெரிஞ்சவர் ஒருத்தர்."

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வருஷமா. இல்ல, அதுக்கும் முன்னாலேருந்து."

"என்ன வேலை பார்க்கறார்?"

"டீச்சர்" என்றாள் சிஸ்டர். வாயில் வந்த முதல் பொய்.

"நல்லவேளை. வண்டி கிண்டி ஓட்ட விடாதீங்க. வெள்ளிக்கிழமை நரம்பு டாக்டர் வர்றார், கூட்டிட்டு வாங்க. தள்ளிப் போட்டா அப்புறம் அவரைப் பார்க்க ஒரு மாசம் ஆகும். எல்லாமே நாம பயப்படற மாதிரிதான் இருக்கணும்னு இல்ல சிஸ்டர். தைராய்டா இருக்கலாம். வைட்டமின் குறைச்சலா இருக்கலாம். பார்த்தாத்தானே தெரியும்." டாக்டரம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். "இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருந்தது."

சிஸ்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

தெருமுனைக்கு அவள் வந்து சேர்ந்தபோது பஸ் வரும் நேரம். வழக்கமாக அந்த நேரத்துக்கு வந்து நிற்கும் பஸ் வரவில்லை. மற்ற அம்மாக்கள் வெயிலுக்குத் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். "கேப்டன் இப்பல்லாம் கொஞ்சம் லேட்டு" என்றாள் ஒருத்தி. குறையாகச் சொல்லவில்லை. "டிராஃபிக் அப்படி."

பஸ் கடைசியில் வந்தது. மெயின் ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்புகிற இடத்தில், திரும்பாமல் அப்படியே நின்றது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரே கூச்சல். "லெஃப்ட் கேப்டன், லெஃப்ட்!" குழந்தைகள் சீட்டைத் தட்டிக்கொண்டு கத்தினார்கள், சிரித்தார்கள். பின்சீட்டில் இருந்த ஆயாம்மாவும் சிரித்தாள். பஸ் திரும்பியது. அழகாக வந்து, ஓரமாக, அலுங்காமல் நின்றது. ஓட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கேப்டன் மனைவியைப் பார்த்துக் கையை ஆட்டினார். குட்டி குதித்து இறங்கினாள். கதவு மூடியது. பஸ் போய்விட்டது.

"அம்மா, நான் இன்னிக்கு ஒரு வார்த்தை கத்துக்கிட்டேன்" என்றாள் குட்டி. "அத்தைகிட்ட சொல்லணும். ஹெல்ப்ஃபுல். உதவி பண்ற. வாக்கியம் சொல்லட்டுமா? வி ஆர் ஹெல்ப்ஃபுல். வி டெல் த வே டு கேப்டன்."

"என்ன சொல்ற?"

"கேப்டன் விளையாட்டும்மா. அப்பா ரோடு முக்குல நிறுத்துவார். நாங்க லெஃப்டா ரைட்டான்னு சொல்லணும். யார் முதல்ல சொல்றாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. ரயில்வே கேட்கிட்ட மட்டும் யாரும் சொல்லக் கூடாதுன்னு நான் ரூல் போட்டேன். இன்னிக்கு அங்க யாருமே சொல்லலையா, அப்பா ரொம்ப நேரம் நின்னுட்டார். பின்னாடி வண்டியெல்லாம் கத்திச்சு. அப்புறம் பாவம்னு நானே சொல்லிட்டேன்."

ரயில்வே கேட். சிஸ்டர் பஸ் போன திசையைப் பார்த்தாள். அது கண்ணுக்கு எட்டின தூரத்தில் இல்லை. உள்ளே இன்னும் பாதிக் குழந்தைகள் இருந்தார்கள். ஓடிப்போய்ப் பிடிக்கவா முடியும்? போன் செய்தால் ஓட்டிக்கொண்டே எடுப்பார். செய்யாமல் இருந்தாலும் பயம். இரண்டு அடி ஓடிவிட்டு நின்றாள். இன்னொரு பெண்ணின் குழந்தை எங்கே இறங்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வார்கள்?

ஹெட்செட்டுக்கு அன்று வார விடுமுறை. அண்ணி சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"நிறுத்துங்க அண்ணி. நாம வார்த்தை கத்துக்கறதுக்காகச் சொன்னதையெல்லாம் கோத்து எங்க அண்ணனுக்கு ஒரு வியாதியைத் தெச்சுட்டீங்க."

"அதெல்லாம் உண்மைதானே? உண்மையைத்தானே சொல்லச் சொன்ன?"

"உண்மைதான்! யாருக்கு மறதி இல்ல? யாருக்குக் கோபம் வரலை? போன வாரம் நான் கேஸை அணைக்காம ஆபீஸ் போயிட்டேன், எனக்கும் வியாதியா?"

"உன் பஸ்ல குழந்தைங்க இல்லம்மா."

"எங்க அண்ணனுக்கு ஒண்ணுமில்ல." ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாகச் சொன்னாள். "அப்பா அம்மா போனப்புறம் என்னைத் தூக்கி நிறுத்தினது அவர். லாரி, வேன், பஸ்னு எதையெதையோ ஓட்டி என்னைப் படிக்க வெச்சார். நீங்க இப்ப ஸ்கூலுக்குப் போன் பண்ணினா அந்த மனுஷன் நாளைக்கு எழுந்து எங்க போவார்? வீட்ல சும்மா உட்கார்ந்தா செத்தே போயிடுவார். அதையும் யோசிச்சீங்களா? இல்ல, வெளிநாடு போறவங்களுக்கு இதெல்லாம்..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆனாலும் போக வேண்டியது போய்ச் சேர்ந்துவிட்டது.

சிஸ்டருக்கு அது வலித்தது. கூடவே வாசலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. வாசலில் சைக்கிள் மணி அடித்தாலும் இரண்டு பேரும் திரும்பினார்கள். என்ன பேசினாலும் ஹெட்செட்டும் திரும்பினாள் என்பதைச் சிஸ்டர் கவனித்தாள்.

கேப்டன் வந்தபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பஸ்ஸைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நடந்து வந்ததாகச் சொன்னார். நடந்தாலும் அவ்வளவு நேரம் ஆகாது.

"பசங்க எல்லாரையும் இறக்கி விட்டாச்சா?" என்றாள் சிஸ்டர்.

"அது என்ன கேள்வி? பாதியில தூக்கிப் போட்டுட்டா வருவேன்?"

"என்னங்க, நாளைக்கு நீங்க பஸ் எடுக்க வேணாம்."

அவ்வளவுதான். வீடு அதிர்ந்தது. இத்தனை வருஷத்தில் தன் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததுண்டா என்று கேட்டார். பொண்டாட்டிக்கு நாலு இங்கிலீஷ் வார்த்தை வந்ததும் புருஷன் பைத்தியமாகத் தெரிகிறானா என்று கேட்டார். அண்ணனுக்கு ஆதரவாக நிற்க வேண்டிய ஹெட்செட் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சத்தம் கேட்டுக் குட்டி உள்ளேயிருந்து வந்துவிட்டாள். "அப்பா, விளையாட்டை நான் சொல்லிட்டேன்னு கோபமா?"

"எந்த விளையாட்டு?"

"லெஃப்ட் ரைட்டு."

அவர் மகளையே பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "நான் உங்களை வழி கேட்டேனாம்மா?"

"கேட்க மாட்டீங்க. சும்மா நின்னுடுவீங்க. அப்ப நாங்க கத்துவோம்."

கேப்டன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குட்டியைப் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போகச் சொன்னார். அவள் வாசல் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுங்க விளையாட்டுன்னு நெனச்சுதுங்க" என்றார். "நான் விளையாடலை. ரோடு தெரியும். தெரிஞ்ச ரோடுதான். சட்டுனு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஆயிடுது. புள்ளைங்க கத்தினா சரியாயிடும். அதனால பரவாயில்லன்னு விட்டுட்டேன். இன்னிக்குக் கேட்கிட்ட ஒருத்தரும் கத்தலை." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பயமா இருந்துச்சு. பின்னாடி திரும்பி, தெரியலைடா கண்ணுங்களான்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு."

சிஸ்டர் அவர் தோளில் கை வைத்தாள். வெள்ளிக்கிழமை நரம்பு டாக்டர் வருவதைச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை உனக்குப் பரீட்சையாச்சே."

அது மட்டும் அவருக்கு மறக்கவில்லை. அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். "அதை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல ஸ்கூலுக்குச் சொல்லணும். நான் பேசட்டுமா?"

"நீ எதுக்குப் பேசணும்? என் வண்டி. நானே சொல்றேன்." போனை வாங்கிக்கொண்டார். "ரெண்டு நாள் லீவு. டாக்டரைப் பார்க்கறேன். அதுக்கு மேல இப்ப எதுவும் சொல்ல மாட்டேன், சரியா?"

"ஆமா அண்ணா. ரெண்டே நாள்" என்றாள் ஹெட்செட் வேகமாக. "மாத்திரை போட்டா சரியாயிடும். பெரிசா ஒண்ணும் இருக்காது."

அவர் ஸ்பீக்கரில் போட்டார். பள்ளிக்கூடத்தில் பஸ்களைக் கவனிக்க அந்த மாதம்தான் புதிய ஆள் வந்திருந்தான். இவர் குரல் அவனுக்குப் பழக்கமில்லை. கேப்டன் நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்று, உடம்பு சரியில்லை, நாளைக்கும் நாளன்றைக்கும் வர முடியாது என்றார்.

"சரி சார், மாத்து டிரைவர் போடறேன். எந்த வண்டி நீங்க? நம்பர் சொல்லுங்க."

கேப்டன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. குட்டி பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் ஓட்டும் வண்டி அது.

"ஹலோ? சார்? எந்த வண்டி?"

அவர் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். மனைவியைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்துத் திரும்பி, ரகசியம் கேட்பதுபோல் கேட்டார்.

"நம்ம வண்டி நம்பர் என்னம்மா?"

எந்த வாடிக்கையாளர் எப்படிக் கத்தினாலும் குரல் மாறாமல் பேசுகிற ஹெட்செட், அண்ணியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்பது, அண்ணா."